முன்கட்டைக்கு ஒரு தோள்

சுண்ணாம்புகூட இதைவிட ஒழுங்காகக் கரையும் என்று நினைத்துக்கொண்டாள் அனிதா மேரி. சொல்லவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மூட்டை கட்டினால் கம்பம் சந்தையில் தனிக்கடை போடலாம்.

மின்வெட்டு. மிக்சி ஊமையாக நின்றது. தயிர் மத்தால் அவள் கடைந்துகொண்டிருந்தது சாக்லேட் நிறப் பவுடர். எவ்வளவு கடைந்தாலும் அடியில் உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றது.

"ஆச்சா?" என்று கூடத்திலிருந்து ஆல்பர்ட் கத்தினான். "எக்சைஸ் முடிஞ்ச சூட்டோட குடிக்கணும். இல்லைனா சத்து தோளுக்கு ஏறாதுன்னு மாஸ்டர் சொல்லிருக்காக."

மாஸ்டருக்கு இவனைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் 'சொல்லிருக்காக'தான். சொந்த மாமனாருக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

டம்ளரை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடித்தான். உருண்டை ஒன்று தொண்டையில் சிக்கியது. "போதும், நெறஞ்சிருச்சு" என்று மிச்சத்தை நீட்டினான்.

கொட்ட மனசு வரவில்லை. அவன் வைத்த மிச்சத்தைத் தின்று தீர்ப்பது இட்லி, குழம்பு என்று ஏற்கெனவே அவள் வேலைதான். தினமும்போல அங்கணத்தருகே நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவினாள்.

எல்லாம் சப்பரத்தால் வந்தது. ஊர் மாதா கோயில் திருவிழாவில் மாதா சிலை வரும் சப்பரத்தின் வலது முன்கட்டையைத் தோளில் தாங்குவது ஆல்பர்ட் வீட்டு உரிமை. அவன் தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார். தூக்குகிறவரின் மனைவி அவர் தோளுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்து நடப்பது முறை. சப்பரத்தை ஆண்கள்தான் தொட வேண்டும். மேலே இருக்கிறவள் பெண் என்பது வேறு விஷயம்.

அப்பா இறந்தபின் போன வருடம் ஆல்பர்ட்டின் முறை வந்தது. அனிதாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் ஆண்டிபட்டிக்குப் போயிருந்தாள். இவன் தனியாகத் தோள் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் முழங்கால் மடங்கியது. சப்பரம் சாய்ந்தது.

"இவன் யார்றான்னு மாதாவே குனிஞ்சு பாத்துட்டாக" என்று யாரோ சொல்ல, ஊர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. இந்த வருடமும் சாய்ந்தால் முன்கட்டை பெரியப்பா மகன் சவரிமுத்துவுக்கு என்று உபதேசியார் ஞானமுத்து கோயில் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மறுநாளே ஆல்பர்ட் கம்பத்தில் ஜிம்மில் சேர்ந்தான்.

சத்துப் பவுடர் டப்பா வாங்க அனிதாவையும் அழைத்துப் போனான். ஜிம் மாஸ்டர் மாரிசெல்வம் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். உள்ளே பெயின்ட் டப்பா அளவில் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கழுத்தில்லாத ஒரு வெள்ளைக்காரன்.

"அண்ணனுக்கு வெயிட் ஏறணுமா, கட்டிங் விழணுமா?"

"தோளு" என்றான் ஆல்பர்ட்.

"தோளுக்குன்னு தனி டப்பா இல்லண்ணே. மொத்தமா ஏறும், நாமதேன் பிரிச்சுக்கிடணும்."

அனிதா மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, இதுல என்னதான் இருக்கு?"

"பால்ல இருந்து எடுத்த சத்து மதினி."

"அப்ப பாலையே குடிக்கலாம்ல?"

மாரிசெல்வம் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "பாலு வேற, பால்ல இருந்து எடுத்தது வேற மதினி."

"ஒனக்குத் தெரியாததுல ஏன் வாயக் குடுக்குற?" என்றான் ஆல்பர்ட். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருப்பதில் பெரிய டப்பா, அதில் இருப்பதில் பெரிய ஆள். அதையே வாங்கினான்.

பெரிய டப்பா வேலை செய்தது. தோளில் அல்ல, வயிற்றில். வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் அவன் குனிந்து மூட்டைக்குச் சீட்டு ஒட்டும்போது சட்டைப் பொத்தான் தெறித்து வியாபாரி ஒருவரின் டீக்குள் விழுந்தது.

"வெயிட் ஏறுதுண்ணே, எடம் தெரியாம ஏறுது" என்றான் மாரிசெல்வம். "கொழுப்பக் கரைச்சுட்டா சதை மட்டும் நிக்கும்." ஒரு மாத்திரை டப்பா கொடுத்தான்.

மாத்திரைக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ஆல்பர்ட் பிடித்த தராசில் முள் ஒரு நிலையில் நிற்கவில்லை. "ஏலக்கா நிறுக்கச் சொன்னா தாலாட்டுறியேப்பா" என்று முதலாளி அவனைத் தராசிலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணனோட பாடி ரொம்ப நைஸு" என்றான் மாரிசெல்வம், குற்றம் உடம்பின்மீது என்பதுபோல. "சுத்தமான புரோட்டீனுக்குப் போயிருவோம். கலப்பே கிடையாது."

கலப்பில்லாத புரோட்டீன் வயிற்றுக்குள் போய்ப் பேச ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தின் நடுவே ஒரு கணம் நிறுத்த, அந்த அமைதியில் ஆல்பர்ட்டின் வயிறு நீளமாகப் பதில் சொன்னது. அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காற்றாட வெளியே போனார்கள்.

அதன்பின் ஜிம்முக்குப் போக வெட்கம். இரும்புக் குண்டுகளை வீட்டுக்கே வாங்கி வந்தான். இடம் வேண்டுமே? அனிதாவின் தையல் மெஷினைத் தூக்கி மாட்டுக்கொட்டத்தில் வைத்தான். தூக்கியது அவன் என்று சொல்லமுடியாது. ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொன்னான்.

இனி சாணி வாசத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் மூட்டைக்குள் போயிற்று. இது ஏன் எப்போதும் எனக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே வந்தால் யாரைக் கடிக்கும் என்று மட்டும் அன்று புதிதாக யோசித்தாள்.

இரும்புக் குண்டுகள் நடுக்கூடத்தில் கிடந்தன. ஆல்பர்ட் அவற்றுக்கு எதிரில் பனியனோடு உட்கார்ந்து கண்ணாடி பார்ப்பான். அவன் வேலைக்குப் போனதும் அனிதா அவற்றை எடுத்து வைத்துக் கூட்டுவாள், துடைப்பாள், பழைய இடத்திலேயே வைப்பாள். இல்லாவிட்டால், "எவ எடுத்தா?" என்று வீடு அதிரும்.

சாயங்காலம் மாமியார் லூர்து மேரிக்குத் தைலம் தேய்க்கிற வேலை. எப்போதும் இடது தோள்தான். எலும்புக்கு மேலே கட்டை பாய்ந்ததுபோல் ஒரு தடிப்பு.

"இது எதுனால அத்தை?"

"சொமைதேன் ஆத்தா. ஒங்க மாமா போனதுக்கப்புறம் கொஞ்சம் தேவலாம்."

வீட்டுக்காரர் செத்தபின் தோள்வலி தேவலாம் என்கிற மனுஷியை அனிதா அப்போதுதான் பார்க்கிறாள். லூர்து மேரி திரும்பி அவள் கையைப் பார்த்தாள். "என்ன, ஜாக்கெட்டு பிடிக்குது?"

"வெளுத்ததுல சுருங்கிருச்சு போல." அந்த வாரம்தான் அவள் தன் ஜாக்கெட் கைகளையெல்லாம் பிரித்து அகலமாகத் தைத்திருந்தாள். லூர்து மேரி அந்தக் கையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஒத்திகை. மாதா சுரூபத்துக்குப் பதில் மணல் மூட்டைகள். சப்பரத்தைச் சுற்றிலும் பட்டுத்துணித் தொங்கல் கட்டியாகிவிட்டது. சவரிமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, முதல் பந்திக்கு எழுந்திருக்கக் காத்திருப்பவன்போல நின்றான். மாரிசெல்வமும் வந்திருந்தான், தன் சரக்கைப் பார்க்க.

"தூக்குங்கப்பா!" என்றார் ஞானமுத்து.

ஆல்பர்ட் தூக்கினான். அனிதா முறைப்படி வலது கையில் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு அவனுக்குப் பின்னால் நடந்தாள். கொடிமரத்தைச் சுற்றும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் தந்தி அடித்தது. கட்டை இறங்கியது. நேராக அவள் தலைக்கு.

அவள் யோசிக்கவில்லை. தொங்கலுக்குள் புகுந்து இடது தோளைக் கொடுத்தாள்.

கட்டை நின்றது. அவ்வளவு எளிதாக நின்றதில் அவளுக்கே ஆச்சரியம். கூடம் துடைக்கும்போது தினமும் தூக்கிவைக்கிற இரும்பைவிட இது ஒன்றும் பெரிதாக இல்லை. பட்டுத்துணிக்கு அந்தப் பக்கம் ஊர் கைதட்டியது.

"ஏலே ஆல்பர்ட்டு!" என்று ஞானமுத்து உருகினார். "அப்படியே ஒங்க அப்பன் நின்ன மாதிரியே நிக்கிறியேலே! முன்கட்டை ஒனக்குத்தேன்."

"பவுடரு!" என்றான் மாரிசெல்வம் கூட்டத்தைப் பார்த்து. "எல்லாம் பவுடரு. அண்ணே குடிச்சது ஒரு சொட்டு வீணாப் போகல."

அதுமட்டும் உண்மை என்று நினைத்துக்கொண்டாள் அனிதா.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பர்ட் கதவைச் சாத்தினான். முதன்முறையாக அவள் தோளை உற்றுப் பார்த்தான். பிறகு தன் தோளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"யாருக்கும் தெரியல. திருவிழாவன்னைக்கும் அங்கனயே நில்லு. துணிக்குள்ள யாரு பாக்கப் போறா? வேணும்னா டப்பாவுல நீயும் ஒரு வாய் குடிச்சுக்க."

தன் தாராளம் அவனுக்கே பிடித்திருந்தது.

அனிதா நடுக்கூடத்துக் குண்டுகளை ஒரு கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள். வரும்போது தையல் மெஷினைத் தனியாளாகத் தூக்கிவந்து ஜன்னலோரம் பழைய இடத்தில் வைத்தாள். யாரும் "பாத்து, பாத்து" என்று சொல்லவில்லை.

மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த லூர்து மேரி மகனைப் பார்த்துக் கையமர்த்தினாள். "நீ சும்மா இருலே. கேக்கத் தெரியாம கேக்குற." பிறகு மருமகளிடம் திரும்பி, சமையல் பக்குவம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"மெழுகுவத்திய வலது கையில பிடிச்சுக்கிட்டு எடது தோளக் குடு ஆத்தா, அதேன் பக்குவம். ஒங்க மாமா தூக்குன அம்புட்டு வருசமும் நான் அப்படித்தேன் நடந்தேன், எனக்கு முன்னாடி எங்க அத்தை நடந்தாக. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒன்னய நிமிந்து நில்லுன்னு சொல்லி, மூஞ்சியவா பாத்தேன்? தோளத்தேன் பாத்தேன்."

அனிதா மெஷின்மேல் படிந்திருந்த வைக்கோல் தூசியைத் துடைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள்.

"நான் மெழுகுவத்தி மட்டும் பிடிக்கிறேன் அத்தை."