சாவி ஏரியில் கிடக்கிறது

சிட்லபாக்கம் ஏரியிலிருந்து முதல் ஆளாகக் கரையேறிய ஏகநாதன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். அரைஞாண் கயிற்றைக் காணோம். கயிறு போனால் போகட்டும், அதில் முடிந்து வைத்திருந்த சைக்கிள் சாவியையும் காணோம்.

திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் இன்னும் நடு ஏரியில் ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் ஒரு பொருட்டில்லை. கரையில் வரிசையாக நின்ற சைக்கிள்களில் அவனுடையது மட்டும்தான் பூட்டியிருந்தது.

பந்தயத்துக்குக் கொண்டுவந்த சைக்கிளை யாராவது பூட்டுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒன்றும் பல்லாவரம் சந்தையில் ஒன்றுமாகச் சைக்கிள்களைப் பறிகொடுத்தவன் பூட்டுவான். அவன் மனைவி செல்லியம்மாள் காலையிலேயே சொன்னாள்.

"சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போயேன்."

"நீ யார்கிட்டனா பேசிக்கினே எங்கியாவது பூடுவ. இடுப்புல இருந்தாதான் எனக்கு நிம்மதி."

"அந்தக் கவுறு நைஞ்சு போயி கீது. பொங்கலுக்கே மாத்தச் சொன்னேன். நான் சொல்லி நீ எப்போ கேட்டுகீற?"

சொல்லிவிட்டு, கணவன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அவள் மாங்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வேண்டிக்கொள்ளக் காரணம் இருந்தது. ஏகநாதன் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் ஒன்பது வருஷமாக டெம்பரரி. வருஷம் நிறைவதற்குள் அவனை நாலு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவன் அந்தக் கம்பெனிக்குப் புது ஆள்தான். இந்த நிலையில் புதிதாக வந்த மானேஜர் ஸ்ரீநிவாசராகவன், தான் வெளிநாட்டில் பார்த்த ஒரு பந்தயத்தை இங்கேயும் நடத்தப்போவதாக அறிவித்தார். ஏரியை நீந்திக் கடக்க வேண்டும், நீந்திய கையோடு சைக்கிளில் ஊரைச் சுற்றி வர வேண்டும், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். டெம்பரரி ஆட்களில் முதலாவதாக வருகிறவனுக்கு வேலை பர்மனன்ட்.

"எனக்கு மன உறுதி உள்ள ஆள் வேணும்ப்பா. பாதியில விடறவன் வேண்டாம்" என்றார் மானேஜர்.

பர்மனன்ட் என்றால் ஏகநாதனுக்கு என்னவெல்லாமோ அர்த்தம். சின்ன மகளைக் கேம்ப் ரோட்டில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். மாமனார் வீட்டில் கேட்காமலே நாற்காலியில் உட்காரலாம். அவன் அந்த வேலைக்காக ராத்திரியில் கனவு கண்டான், பகலில் சைக்கிள் மிதித்தான்.

இப்போது சாவி ஏரியில் கிடக்கிறது.

ஏகநாதன் மறுபடி தண்ணீரில் குதித்தான். கரையோரச் சேற்றைத் துழாவினான். கையில் ஒரு பழைய செருப்பு வந்தது, காலில் நத்தை ஓடு கிழித்தது. சாவி மட்டும் வரவில்லை. மேற்பார்வைக்கு நின்ற இரண்டு பேரிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவர்கள் கொடியில் சிக்கிக்கொண்ட யாரையோ இழுக்கப் படகில் போயிருந்தார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு கருங்கல்லை எடுத்துப் பூட்டை நாலு போடு போட்டான். பூட்டு திறக்கவில்லை. அடி வாங்கி நசுங்கி, இனிமேல் சாவியே வந்தாலும் திறக்க மாட்டேன் என்கிற நிலைக்குப் போய்விட்டது.

கேரியரில் வைத்திருந்த நம்பர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கினான். சானடோரியம் பக்கம் மெயின் ரோட்டில் சைக்கிள் கடை இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போகிற வழியும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ரிட்டயரானவர்கள் பேப்பர் படிக்கிற அமைதியான தெருக்களின் வழியே, சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் பூட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இரண்டாவது தெரு முடிவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

பிடித்தவர்களுக்குத் தலைவர் சாம்பசிவன். அரசாங்கத்தில் ஆடிட் வேலை பார்த்து ரிட்டயரானவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சென்ற வாரம்தான் அவருடைய மாப்பிள்ளையின் சைக்கிள் காணாமல் போயிருந்தது.

"இது யார் சைக்கிள்?"

"என்னுதுதான் சார்."

"உன்னுதுன்னா சாவி எங்கே?"

"ஏரியில கீது சார்."

கூட்டம் சிரித்தது. சாம்பசிவன் சிரிக்கவில்லை. விசாரணையின்போது சிரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மார்ல என்ன நம்பர்? எந்த ஜெயில்ல குடுத்தது?"

"ஐயோ, ரேஸ் நம்பர் சார். கம்பெனில போட்டி வெச்சுக்கிறாங்க. மொதல்ல ஏரில நீஞ்சணும். அப்பால சைக்கிள எடுத்துக்கினு போவணும். அப்பால ஓடணும்."

"கையில சைக்கிள் இருக்கும்போது எதுக்கு ஓடணும்?"

அது மானேஜரைக் கேட்க வேண்டிய கேள்வி.

சாம்பசிவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கவனிச்சீங்களா? தண்ணில குதிக்கறது, சைக்கிள எடுக்கறது, ஓடறது. திருடன் பண்ற காரியத்தை அவனே வரிசையா ஒத்துக்கறான்."

அவனை மெயின் ரோட்டு முனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் சைக்கிளோடு சேர்த்துக் கட்டினார்கள். துணி காயப்போடுகிற நைலான் கயிறு, நன்றாகவே இறுக்கியது.

"வூட்டாண்ட வந்து கேளுங்க சார், எம் பொண்டாட்டி சொல்லுவா" என்றான். சொன்ன பிறகுதான் அவள் மாங்காட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"பொண்டாட்டி சாட்சியெல்லாம் செல்லாது."

அந்த நேரத்தில்தான் கடவுளே அனுப்பியதுபோல் தெருமுனையில் சவுரிமுத்து சைக்கிளில் வந்தான். மார்பில் நம்பர், தலையில் ஆகாயத்தாமரை வேர். ஏகநாதனோடு ஒரே பேக்கிங் செக்‌ஷனில் ஒன்பது வருஷமாகப் புது ஆளாக இருப்பவன். ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிற சிநேகிதம். இரண்டு பேருக்கும் வேண்டியது அந்த ஒரே ஒரு வேலைதான்.

"சவுரி! டேய் சவுரி! இவுங்களாண்ட சொல்லுடா!"

சாம்பசிவன் கையைக் காட்டி நிறுத்தினார். "மிஸ்டர், இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

சவுரிமுத்து ஒரு காலைத் தரையில் ஊன்றினான். ஏகநாதனைப் பார்த்தான். பின்னால் வருகிற மற்றச் சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தான்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். சேவல் கூவுவதற்குள் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று சொன்ன கதை அவனுக்குத் தெரியாதது அல்ல. சேவல்தான் கூவவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

பின்னாலேயே மற்றவர்களும் கூட்டமாக வந்தார்கள். கம்பத்தில் கட்டிய ஆளை ஒருவர் விடாமல் பார்த்தார்கள், ஒருவரும் நிற்கவில்லை. ஏகநாதனுக்கு வலித்தது. கயிறு இறுக்கியதைவிட அந்த ஒரு வார்த்தைதான் வலித்தது. ஆனால் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொண்டான், சவுரி கம்பத்திலும் தான் சைக்கிளிலும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று. பதில் அவ்வளவு நன்றாக இல்லை.

"பார்த்தியா? உன்னை மாதிரியே நம்பர் போட்டவனுக்கே உன்னைத் தெரியலை" என்றார் சாம்பசிவன். ஆனாலும் அவர் நியாயஸ்தர். "பொறுப்பான ஆள், யூனிஃபார்ம் போட்ட ஆள் யாராவது உனக்கு ஜாமீன் சொல்வாங்களா?"

ஏகநாதன் முகம் மலர்ந்தது. "துரை! எங்க கம்பெனி வாட்ச்மேன் துரை சார். காக்கி போட்டுக்கினு வண்டலூர் முனைல நிக்கிறான்."

சாம்பசிவன் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். சாட்சியை அழைத்துவருவதற்குக் கசங்கிய சட்டையில் போவது அவருக்கு வழக்கமில்லை. பிறகு ஸ்கூட்டரை ஒருக்களித்துச் சாய்த்து, உதைத்து, கிளப்பிக்கொண்டு போனார்.

வெயில் ஏறியது. ஒரு நாய் வந்து ஏகநாதனை முகர்ந்து பார்த்துவிட்டுச் சைக்கிள் சக்கரத்தின் மேல் காலைத் தூக்கியது. விரட்டக் கை இல்லை.

துரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கையில் சிவப்புக் கொடியோடு வந்து இறங்கினான். பார்த்ததும் அலறினான்.

"ஐயோ, மச்சான்! உன்னியா கட்டி வெச்சுக்கிறாங்க? சார், இவன் எறும்பக்கூட மெறிக்க மாட்டான் சார்! அவுருங்க சார் கவுத்த!"

சாம்பசிவன் தாமே முடிச்சை அவிழ்த்தார். "ஸாரி மிஸ்டர் ஏகநாதன். உங்க மேல எனக்கு பர்சனலா ஒண்ணும் கிடையாது. சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு."

"மத்தவங்கள்லாம் எங்க துரை?" என்றான் ஏகநாதன்.

"வர வழில பாத்தேன். சவுரிமுத்து பெருங்களத்தூரத் தாண்டிட்டான். நீ எங்க மச்சான் அவன புடிக்கப் போற?"

துரைக்கு ஒரு நேரத்தில் ஒரு கவலைதான் படும். அப்போது அவன் கவலை முழுவதும் சிநேகிதனின் மணிக்கட்டில் பதிந்திருந்த கயிற்றுத் தழும்பின் மேல் இருந்தது.

சாம்பசிவன் தம் தவறுக்குப் பரிகாரமாக வீட்டிலிருந்து கடப்பாரை கொண்டுவந்தார். பூட்டு ஒரே நெம்பில் தெறித்தது. கூடவே நாலு கம்பிகளும் தெறித்தன. பின்சக்கரம் இடுப்பு பிடித்துக்கொண்ட ஆளைப்போல ஒரு பக்கமாக நெளிந்து சுற்றியது. பட்ட காலிலே படும், வேறென்ன சொல்ல?

துரையை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் முன்னே போக, ஏகநாதன் பின்னே மிதித்தான். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் தாண்டி அவன் வண்டலூரை அடைந்தபோது, துரை முனையில் நின்று கொடியைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினான். அந்த ஒருவனுக்காகக் குதித்துக் குதித்து ஆட்டினான்.

"இப்டிக்கா திரும்பு மச்சான், இப்டிக்கா! கேளம்பாக்கம் ரோடு! அல்லாரும் பூட்டாங்க, வுடாதே, மிதி!"

மாம்பாக்கம்வரை ஒரு சைக்கிள்கூட அவன் கண்ணில் படவில்லை. அடுத்த முனையில் கொடி காட்ட வேண்டியவர் புளிய மரத்தடியில் கொடியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் போய் எவ்வளவு நேரமாயிற்றோ, பாவம், அவர் வேலை முடிந்துவிட்டது என்று ஏகநாதன் நினைத்துக்கொண்டான். அவரை எழுப்பி வழி கேட்டு, மேடவாக்கம் வழியாகக் கேம்ப் ரோட்டுக்கு வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தான்.

அகரம்தென் போய்த் திரும்ப வேண்டும். நத்தை ஓடு கிழித்த கால் ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஈரமாக ஒட்டியது. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர், "வரியா சார்? எடம் கீது" என்று கூவினார். ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வேலை போய்விட்டது, இனி யாருக்காக ஓடுவது? ஆனால் காலையிலிருந்து அவனைத் திருடன் என்று சொன்னார்கள், தெரியாதவன் என்று சொன்னார்கள். பாதியில் விட்டவன் என்று இன்னொரு பெயரையும் வாங்கிக்கொண்டு செல்லியம்மாள் முன்னால் போய் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டே ஓடினான்.

சேலையூர் மைதானத்துக்குள் அவன் நுழைந்தபோது அங்கே பந்தல் இருந்தது, ஆட்கள் இல்லை. மானேஜரின் ஜீப் இல்லை. மேசைமேல் ரோஜா மாலையைக் காணோம், கோப்பையையும் காணோம். கம்பெனி கேன்டீனில் பெருக்குகிற கங்கம்மா மட்டும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏகநாதன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அல்லாம் முடிஞ்சு போச்சா கங்கம்மா? சவுரிக்கு மாலை போட்டுட்டாங்களா?"

கங்கம்மா நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெயில்ல வாடுதுன்னு மாலைய நான்தான் தண்ணி தெளிச்சு உள்ள வெச்சுகீறேன், மொதல்ல வந்தவன் நீதான், எழுந்திரு, வண்டலூர்ல கொடி காட்ட ஆளில்லாம மத்தவனுங்க அல்லாரும் நேரா செங்கல்பட்டுக்குப் பூட்டானுங்களாம், மானேஜரு ஜீப்ப எடுத்துக்கினு இட்டார ஓடிக்கிறாரு, அந்த சவுரிமுத்து என்னாடான்னா பூத்துலேருந்து போன் பண்ணி, அங்க நின்ன துரைய எதுக்குய்யா இட்டுக்கினு போனாங்கன்னு கேட்டுக் கேட்டு அழுவுறான்!"