பீரோவில் ஒரு தட்டு

ஐம்பத்து நாலாவது வயதில் திருஞானசம்பந்தம் ஒரு வீர முடிவெடுத்தார். தன் வீட்டு பீரோவில் தனக்கென்று ஒரு தட்டு வேண்டும்.

கேட்பவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. பீரோவில் ஐந்து தட்டு. ஐந்திலும் அவர் மனைவி வடிவாம்பாளின் புடவைகள். அதுவும் அவள் கட்டுகிற புடவைகள் அல்ல. அவை கொடியில் கிடந்தன. பீரோவில் இருந்தவை அம்மன் புடவைகள். கோயிலில் அம்மனுக்குச் சாத்திய பட்டுகளை ஏலம் விடும்போதெல்லாம் வடிவாம்பாள் முன்வரிசையில் நிற்பாள். வருடத்துக்கு இரண்டு எடுப்பாள். இருபது வருடமாக எடுத்ததில் நாற்பது சேர்ந்துவிட்டது. சம்பந்தத்தின் நாலு சட்டையும் சுவரில் ஓர் ஆணியில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மாதிரி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொங்கின.

அம்மன் புடவையைக் கட்டிக்கொள்ளலாம். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது. விற்ற கைக்குப் பாவம். இது அந்தத் தெருவின் சட்டம். அம்மன் உடுத்தியதை உடுத்திக்கொண்டு அடுப்படியில் நிற்பதா என்று வடிவாம்பாள் கட்டவும் மாட்டாள். கொடுக்கவும் அவளுக்கு மனம் வராது. ஆகவே நாற்பதும் நாப்தலின் உருண்டைகளோடு இருட்டில் கிடந்தன.

சம்பந்தத்தின் பயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வடிவாம்பாள். அடுத்து அம்மன். அதற்கும் அடுத்துத்தான் இடி. முதல் இரண்டையும் ஒரே காரியத்தில் பகைத்துக்கொள்ள அவர் துணிந்தார் என்றால், அந்த ஆணி அவரை எவ்வளவு குத்தியிருக்க வேண்டும் என்று பாருங்கள்.

துணிவைக் கொடுத்தது ஒரு தாள். இரண்டாயிரத்து ஆறாம் வருடம். தெருமுனையில் சாமுவேல் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். காலையில் அவன் மனைவி கிரேஸ் பார்த்துக்கொள்வாள், மாலையில் அவன். அங்கே சுவரில் ஒட்டியிருந்தது: ‘இணைய ஏலத்தில் வெற்றிகரமாக விற்க ஏழு வழிகள்.’ சம்பந்தம் ஏழையும் மூன்று முறை படித்தார். பழைய பட்டுப் புடவை போகுமா என்று, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்.

“உடைஞ்ச கடிகாரமே போவுது சார். பட்டு போவாதா?” என்றான் சாமுவேல்.

அந்த வியாழக்கிழமை வடிவாம்பாள் மார்க்கெட்டுக்குப் போனாள். இருபது வருடமாக அவள் இடுப்பை விட்டு இறங்காத பீரோ சாவி அன்று அரிசி டின்மேல் இருந்தது. தெய்வம் கண் திறந்தது என்று நினைத்தார் சம்பந்தம். திறந்தது யார் கண் என்று யோசிக்கவில்லை. அடித்தட்டில் அடியிலிருந்த புடவையை உருவினார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மேலே இருந்தவற்றைத் தட்டிச் சமமாக்கிச் சாவியை டின்மேல் வைத்தார். வைக்கும்போது சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

முதல் வழி: படம் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கடையை கிரேஸிடம் விட்டுவிட்டு சாமுவேல் கேமராவோடு மொட்டைமாடிக்கு வந்தான். கொடியில் விரித்த புடவை வெயிலில் ஒரு பெண்ணைப்போல மூச்சு விட்டது. அடுத்த மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த எல்லம்மாள் நிமிர்ந்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க வெயில் காட்டுவதாகச் சம்பந்தம் கேட்காமலே விளக்கினார்.

“பொண்டாட்டி பட்டுக்கு வெயில் காட்ற ஆம்பளைய இப்பத்தான்பா பாக்கறேன்” என்று அவள் வடாத்தைப் பாதியில் விட்டுக் கீழே இறங்கினாள்.

இரண்டாவது வழி: குறைகளை மறைக்காதீர்கள். இதில்தான் அவர் தொழில் குறுக்கே வந்தது. முப்பது வருடமாக நெசவாளர் சங்கத்தில் புடவை பார்த்து வாங்குகிறவர் அவர். இழை விட்டதா, கரை இழுத்ததா என்று தேடித் தேடிக் கூலியில் கழிக்கச் சொல்பவர். பழக்க தோஷம். முந்தியில் மஞ்சள் கறை அரை விரல், உடலில் இழை விட்டது இரண்டு இடம், கரைச் சரிகை கறுப்பு, மடிப்பு முறிவு நாலு என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். சாமுவேல் படித்துவிட்டு, விற்கப் போகிறோமா வழக்குப் போடப் போகிறோமா என்று கேட்டான்.

குறைந்த விலையில் தொடங்கு என்றது மூன்றாவது. நூற்றியொரு ரூபாய். பொருளின் கதையைச் சொல் என்றது நாலாவது. அங்கே சம்பந்தம் நின்றார்.

“அம்மன் பேரப் போடாதப்பா.”

“போடலன்னா நூத்தியொண்ணுதான் சார். போட்டா ஆயிரம்.”

போட்டான். விற்பவர் பெயர் என்ன கொடுக்கட்டும் என்றான். எனக்குச் சம்பந்தமில்லாத பெயராகக் கொடு என்றார். சாமுவேல் சொன்னபடி கேட்கிற பிள்ளை. ‘சம்பந்தமில்லை’ என்றே கொடுத்துவிட்டான்.

ஐந்தாவது வழிப்படி ஏலம் அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும். இரண்டு நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சம்பந்தத்துக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. புடவை அவர் சங்கத்துப் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. போகாவிட்டால் திரும்ப வைத்துவிடலாம்.

மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பெயர்: மூக்குத்தி.

‘முந்தியின் உள்பக்கம், ஏழாவது மாங்காய்க்குக் கீழே, கற்பூரப் பொறி பட்ட ஓட்டை இருக்கிறதே. அதை ஏன் எழுதவில்லை?’

சம்பந்தம் சிரித்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டையா? மறுநாள் சங்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து முந்தியை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது மாங்காய்க்குக் கீழே கடுகளவு ஓட்டை. அதன் வழியாக யாரோ அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிற சாமி படங்களையெல்லாம் கும்பிட்டார்.

ஆறாவது வழி கேள்விக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்லச் சொன்னது. ‘இருக்கிறது. மன்னிக்கவும்’ என்று சொன்னார். சொன்ன மாத்திரத்தில் ஆறு பேர் ஏலத்தில் குதித்தார்கள். கடுகு ஓட்டையைக்கூட ஒப்புக்கொள்கிற நேர்மையானவர் என்று நினைத்தார்கள் போலும். ஆயிரத்து நானூறு.

அடுத்த நாள் மூக்குத்தி மறுபடி வந்தது. அம்மன் இதை எந்த வெள்ளிக்கிழமை கட்டினாள்? சம்பந்தத்துக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதச் சொன்னார். மறுநாள் காலையில் பதிலும் அங்கேயே இருந்தது: ‘ஆடி மூன்றாம் வெள்ளி. மறந்துவிட்டாயா?’

மூவாயிரத்து அறுநூறு.

‘மறந்துவிட்டாயா’ என்ற அந்த ஒருமையை அவரால் தாங்க முடியவில்லை. அவரை அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவரைப் பெற்றவள், போய்விட்டாள். இன்னொருத்தி எல்லோரையும் பெற்றவள்.

வீட்டில் வடிவாம்பாள் அந்த வாரம் பூப்போல நடந்துகொண்டாள். அதைவிடப் பயங்கரம் வேறில்லை. கேட்காமல் இரண்டாவது அப்பளம் வைத்தாள். விசிறியை எடுத்து வீசினாள்.

“இன்னாங்க, சோத்துல கையே போவல?”

“வயிறு சரியில்ல வடிவு.”

“மனசு சரியில்லன்னாலும் நீங்க வயித்தத்தான் சொல்வீங்க. ஆமா, பீரோ சாவியப் பாத்தீங்களா?”

“நான் எதுக்குமா அதப் பாக்கறேன்?”

“எங்கியாவது வுழுந்துச்சோன்னு கேட்டேன். இடுப்புலதான் இருக்குது.”

சனிக்கிழமை மூன்றாவது கேள்வி. ‘வீட்டில் சொல்லிவிட்டுத்தான் விற்கிறாயா?’

சம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏலம் வேண்டாம், நிறுத்து என்றார். விலை கேட்ட பிறகு பின்வாங்கினால் தன் கணக்குக்குக் கெட்ட பெயர் வரும் என்றான் சாமுவேல். அவரைக் கேட்காமலே, ‘வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்’ என்று தட்டிவிட்டான். அந்தப் பொய் ஊரெல்லாம், கடலெல்லாம் தாண்டிப் போவதைச் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொன்ன பொய்க்குக் காற்றில் கரைய வழியுண்டு. இது திரையில் நின்று மின்னியது.

ஞாயிறு மாலை மழை. அவருடைய மூன்றாவது பயமும் வந்து சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு இடிக்கும் விலை ஏறியது. ஆறு மணிக்கு எட்டாயிரத்து இருநூற்று ஐம்பதில் நின்றது. எடுத்தவர் கோயம்புத்தூரில் ஸிந்துஜா என்ற பெண்.

“அப்ப மூக்குத்தி?” என்றார் சம்பந்தம்.

“அது ஒருவாட்டிகூட விலை கேக்கல சார். கேள்விதான் கேட்டுக்கினு இருந்துச்சு.”

வாங்காமல் கேள்வி மட்டும் கேட்கிறவள் யார்? சம்பந்தத்துக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போகும்போது கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்க்காமல், மழைத் தண்ணீரைப் பார்த்தபடி நடந்தார்.

ஏழாவது வழிப்படி, நனையாமல் உறை போட்டு, அட்டைப் பெட்டியில் கட்டி, திங்களன்று புடவை போனது. பத்து நாளில் பணம் வந்தது. அந்தப் பத்து நாளும் அவர் தூங்கியது கொஞ்சம். கனவில் மூக்குத்தி மின்னியது மிச்சம். அடித்தட்டில் காலியான இடத்தில் ஒரு சட்டையை வைத்துப் பார்க்கக்கூட அவருக்குத் துணிவில்லை. சாமுவேலிடம் பண உறையை வாங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தார். வடிவாம்பாளிடம் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்து, பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவது.

வீட்டில் பீரோ திறந்திருந்தது. அதன்முன் வடிவாம்பாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்கும் முன்பே சம்பந்தம் கொட்டினார். சாவி, மாடி, ஏழு வழிகள், ஓட்டை, இடி, எல்லாம். முடிந்ததும் அவள் கையை நீட்டினாள். உறையை வாங்கி, பிரிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எட்டாயிரத்து இருநூத்தம்பதுல கமிஷன் போவ மீதி. சரியா இருக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும் வடிவு?”

“கற்பூரத் தட்டக் கிட்டத்துல புடிச்சதே நான்தான. நான் சொல்லச் சொல்ல கிரேஸு தட்டுனா. நாலு பேரு பாக்கறாப்ல கேள்வி கேட்டாத்தான் பொருளுக்கு மவுசு. கோயில் ஏலத்துல இருவது வருசமா நின்னவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

அம்மன் இல்லை என்றதும் ஒரு கணம் நிம்மதி வந்தது. உடனே அதைவிடப் பெரிய பயம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. அவ்வளவும் தெரிந்தவள் தானே விற்றிருக்கலாமே என்று மெல்லக் கேட்டார்.

“நான் எப்டிங்க விக்கறது? வித்த கைக்குத்தான பாவம்.”

சம்பந்தம் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, இழப்பதற்கு இனி ஒன்றுமில்லாதவரின் தைரியத்தோடு, அந்தக் காலியான இடத்தைப் பற்றி ஆரம்பித்தார். வடிவாம்பாள் குறுக்கிட்டாள். கோயிலில் இந்த வெள்ளிக்கிழமை ஏலத்துக்குக் கிளிப்பச்சையில் ஒன்றும் வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்றும் வருகிறதாம். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டையுமே எடுத்துவிடலாம் என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அடித்தட்டிலிருந்து ஒரு நீலப் புடவையை உருவி அவர் மடியில் வைத்தாள். இதுவும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே முடியட்டும் என்றாள்.

“வடிவு,” என்றார் சம்பந்தம். “பாவம்மா.”

“ஒண்ணு வித்தாலும் நாப்பது வித்தாலும் பாவம் ஒண்ணுதானாம். போன தை மாசமே கோயில்ல கேட்டு வெச்சிட்டேன்.”