மூன்றாவது குடம்

கன்னல் நாட்டில் ஒரு குழந்தைக்குப் பல் விழுந்தால் அரண்மனையில் மணி அடிப்பார்கள். பல் விழுந்தால் பிள்ளை வளர்கிறது, பிள்ளை வளர்ந்தால் நாடு வளர்கிறது என்று கணக்கு. தாய்மார்கள் விழுந்த பல்லை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய் வாசலில் கொடுப்பார்கள். காவலாளி மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு சிரட்டை வெல்லப்பாகு கொடுத்து அனுப்புவான். பழைய ராஜாக்கள் காலத்தில் அந்த மணி எப்போதாவதுதான் கேட்கும், யாருக்கும் கெடுதல் இல்லை.

இன்பவழுதி மன்னர் பட்டத்துக்கு வந்ததும் இது அவருக்குப் போதவில்லை. "நாடு ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது?" என்று சபையில் கேட்டார். நலத்துறை அமைச்சர் வாகைமாறன் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளைகளுக்கு ஊக்கம் போதவில்லை, மன்னா. பல் விழுந்த பிறகு கொடுக்கும் பாகை முன்கூட்டியே, தினந்தோறும் கொடுத்தால் என்ன?" என்றார். மன்னரின் மைத்துனருக்குப் பெரிய கரும்பாலை ஒன்று இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்ட ஒன்றிரண்டு பேர், அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஒரு பாகுக்குடம் இலவசமாக வந்தது. பவளத்தின் வீட்டுக்கும் வந்தது. பவளம் அந்த ஆலையில் சக்கை அள்ளுகிறவள். புருஷன் அங்கேயே பாகு காய்ச்சும் கொப்பரைக்குத் தீ எரிக்கிறவன், அவன் வீடு திரும்பும்போது மகள் வடிவு தூங்கியிருப்பாள். என்ன ஓட்டம் ஓடுவாள் அந்தப் பெண்! மந்தைவெளியில் பையன்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு வந்து, மூச்சிரைக்கத் தண்ணீர் கேட்பாள். குடம் வந்த பிறகு தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டாள். பவளமும் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு குவளை பாகை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். அழுதால் பாகு, பசித்தால் பாகு, தூங்கப் போகும்போதும் பாகு. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பிள்ளை சமர்த்தாக இருந்தது. ஓய்ந்துபோய் வரும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மணி நாள் முழுக்க அடித்தது. காவலாளிக்குக் கை வலித்ததால் இன்னொருவனை வேலைக்கு வைத்தார்கள். பால்பல் தீர்ந்து, அடுத்து முளைத்த பல்லும் கறுத்து உதிரத் தொடங்கியபோது, பல் வைத்தியர் மாசிலாமணி அரண்மனைக்குப் போனார்.

"ஐயா, இது விழ வேண்டிய பல்லு இல்லீங்க. அழுகி விழுற பல்லு."

அமைச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விழுந்ததா இல்லையா?"

"விழுந்துதுங்க. ஆனா..."

"விழுந்தால் வளர்ச்சி. ஆனால் என்பது எதிரி நாட்டுப் பேச்சு."

அன்றோடு மாசிலாமணியின் பல் பிடுங்கும் குறட்டைப் பறித்துக்கொண்டு, நாட்டில் இனி அரசாங்க அனுமதி இல்லாமல் யாரும் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

ஆலைக்குக் கரும்பு போதாமல் மந்தைவெளியை உழுதார்கள். அதுவும் போதாமல் நெல் வயலையெல்லாம் கரும்பாக்கினார்கள். ஓட இடமில்லாத பிள்ளைகள் தெருவில் ஓடினால் அதற்கும் சட்டம் வந்தது: ஓடினால் சதை கரைகிறது, சதை நாட்டின் சொத்து, சொத்தைக் கரைப்பது குற்றம். பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். கடலை, முறுக்கு, கொய்யாக்காய் மூன்றையும் கடித்துத் தின்பதைத் தடை செய்தார்கள், பல் இல்லாத பிள்ளைகளின் மனம் புண்படுமாம். வடிவு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் பவளத்துக்கு ஓர் ஆண் குழந்தையும் பிறந்திருந்தது. அதைத் தொட்டிலில் போட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

ஒரு நாள் வடிவின் வலது கன்னம் வீங்கியது. இரண்டாம் நாள் கண் மூடிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. மாசிலாமணியிடம் காட்டவும் அரசாங்க அனுமதி வேண்டும். பிள்ளைகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் எடைத் திருநாளன்று அமைச்சரே ஊருக்கு வந்திருந்தார். பவளம் மகளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டுபோய் அவர் காலில் விழுந்தாள்.

"சாமி, வைத்தியரைப் பார்க்க உத்தரவு குடுங்க. புள்ள மூணு நாளா தூங்கலீங்க."

அமைச்சர் வடிவின் முகத்தைக் கண்டதும் மலர்ந்துபோனார். "ஆகா! இந்தக் கன்னத்தைப் பாருங்கள்! இதுவல்லவா வளம்! தராசில் ஏற்றுங்கள்!"

"அது சதை இல்லீங்க சாமி, சீழுங்க!"

"சீழும் எடைதான் அம்மா."

தராசுத் தட்டு தரையைத் தொட்டது. கூட்டம் கைதட்டியது. வடிவின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் அமைச்சரின் பேரப்பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், கையில் ஆளுக்கொரு கொய்யாக்காய். அவர்கள் அதைக் கடிக்கிற சத்தம் பவளத்துக்குக் கேட்டது. அவள் பார்வை போன இடத்தைக் கவனித்த அதிகாரி ஒருவர், "அரண்மனைப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவர்கள் நாட்டுக்காகக் கஷ்டப்படப் பிறந்தவர்கள்" என்று விளக்கினார்.

அனுமதி கிடைக்கவில்லை. பவளம் நேராக மாசிலாமணி வீட்டுக்குப் போனாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தட்டாரிடம் இடுக்கியை இரவல் வாங்கி, கொதிநீரில் போட்டு எடுத்தார். பவளம் மகளின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கத்தக் கத்தப் பிடியை விடவில்லை. உயிர் பிழைத்தது, ஆனால் அழுகியதையெல்லாம் பிடுங்கியதில் வாயில் மெல்லுவதற்கு ஒரு பல் மிஞ்சவில்லை.

"இனி முளைக்காது தாயி," என்றார் மாசிலாமணி. சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. கன்னல் நாட்டில் ராஜாவையும் மக்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், அரச குடும்பத்துக்குள்ளேயே. வெளியாள் ஒருவர் நிற்கலாம், ஜெயித்த வழக்கம் இல்லாததால் அதை அனுமதித்திருந்தார்கள். இன்பவழுதி வீட்டுக்கு இரண்டு குடம் என்றார். அவருடைய சிற்றப்பா மகன் செங்கதிரோன் மூன்று குடம் என்றார். "மூன்றாவது குடம் தொட்டில் பிள்ளைகளுக்கு! இத்தனை காலம் அந்தப் பச்சை மண்களை வஞ்சித்துவிட்டார்களே!" என்று மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியாளாக மாசிலாமணி நின்றார்.

"குடத்தை நிறுத்துவேன். வயலை மறுபடி நெல்லாக்குவேன். மந்தைவெளியைப் பிள்ளைங்களுக்கே விடுவேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன், முதல் அறுப்பு வரைக்கும் கஷ்டம்தான். கிழங்கையும் காயையும் கடிச்சுத் தின்னுட்டுத் தாக்குப்பிடிக்கணும்" என்றார்.

பவளம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்காக வீடு வீடாகப் போனாள். "என் மக வாயைப் பாருங்கடி! இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று கத்தினாள். பெண்கள் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள். இந்தத் தடவை வைத்தியர்தான் என்று பவளம் நம்பினாள்.

ஓட்டுப் போடும் நாள் காலையில், வரிசையில் நிற்கும்போது வடிவு முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வைத்தியர் மாமா ஜெயிச்சா நமக்குக் குடம் வராதா?"

"வராது கண்ணு. சனியன் ஒழிஞ்சுது."

"அப்ப நான் எதைம்மா திங்கறது?"

பவளம் பதில் சொல்ல வாயெடுத்தாள். கிழங்கு என்று சொல்ல வந்தாள். காய் என்று சொல்ல வந்தாள். கஞ்சி காய்ச்ச நாட்டில் ஒரு மணி அரிசி இல்லை. மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டது தப்போ என்ற பயத்தோடு. "இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்றாள். வரிசை நகர்ந்தது. முன்னாலும் பின்னாலும் நின்ற தாய்மார்களின் பிள்ளைகளும் ஏதோ கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே மூன்று பானைகள் இருந்தன. கையில் ஒரு கூழாங்கல். மாசிலாமணியின் பானைக்கு மேல் அவள் கை வெகுநேரம் நின்றது. இடுப்பில் இருந்த குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது, கீழ் ஈறில் இரண்டு பல் புதிதாக எட்டிப் பார்த்திருந்தது. பவளம் கண்ணை மூடிக்கொண்டு, கல்லை வேறு பானையில் போட்டாள்.

வாசலில் மாசிலாமணி நின்றிருந்தார். "ரொம்ப உழைச்சே தாயி" என்று கைகூப்பினார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செங்கதிரோன் அமோகமாக ஜெயித்தார். மக்களின் தீர்ப்பு இனிப்பானது என்று அறிவித்தார். அமைச்சர் வாகைமாறன் அதே மேல்துண்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளே பாகு வண்டி தெருவுக்கு வந்தது. பவளத்தின் வாசலில் இரண்டு பெரிய குடங்களை இறக்கிவைத்த வண்டிக்காரன், மூடி போட்ட சின்னக் குடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

"தொட்டில்ல புள்ள இருக்கா தாயி?"

உள்ளே குழந்தை பசித்து அழத் தொடங்கியிருந்தது. ஆலைக்கு நேரமாகிவிட்டது.

"இருக்கு," என்றாள் பவளம், கையை நீட்டினாள்.