மூன்றோடு நிறுத்தத் தெரியாத ராஜா

உத்திரமேரூர் வட்டாரத்தில் பிறந்து, பேசக் கற்று, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளும் பெற்ற பிறகும் ‘ஒன்று’ என்ற சொல்லை வாயால் சொல்லாமலே காலம் தள்ளிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ஊரில் அவருக்கு ‘லாபம்’ என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவர் நெல் அளப்பவர். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை எங்கள் பக்கத்தில் யாரும் ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்று ஆரம்பித்து அப்புறம்தான் ரெண்டு, மூணு என்று போவார்கள். ஒன்று என்றால் குவியலும் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். ஆனால் களத்தைவிட்டு இறங்கியதும் மற்றவர்கள் சாதாரண மனிதர்களாகிவிடுவார்கள். இவருக்கு உலகமே களம்.

செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார்: “எத்தினி டிக்கெட்?”

“லாபம்.”

“வண்டியே நஷ்டத்துல ஓடிக்கினு கீது. எத்தினி பேருய்யா?”

“நான்தாம்பா! லாபம்!”

பழைய கண்டக்டர்கள் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுப்பார்கள். புதியவர்கள் விசில் ஊதி வண்டியை நிறுத்துவார்கள்.

ஒருமுறை ஊரில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. டாக்டர் ஒரு விரலைக் காட்டி, “இது எத்தனை?” என்றார்.

“லாபம்.”

டாக்டர் வேறு கண்ணாடியை மாட்டினார். “இப்ப?”

“இப்பவும் லாபம்தான் சார்.”

இன்னும் கனமான கண்ணாடி. “இப்ப?”

“லாபம் கொஞ்சம் பெருசா தெரியுது சார்.”

டாக்டர் கண்ணை விட்டுவிட்டு அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு, “வீட்ல தொந்தரவு ஏதாவது உண்டாம்மா?” என்று கேட்டார். “ஒண்ணா ரெண்டா சார்?” என்று அந்த அம்மாள் ஆரம்பித்ததும், இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகாமைவிட்டே ஓடிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு நாடகப் பைத்தியம். எங்கள் ஊர் நாடகக் குழுவில் அவருடைய கலையுலக வாழ்க்கை ஒரு யானையின் பின்னங்கால்களில் தொடங்கியது. முன்னங்கால்காரர் நின்ற பிறகும் பின்னங்கால்கள் நடந்ததில் யானை பாதியாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு போர்க்களத்துப் பிணமானார். கொசு கடித்ததும் எழுந்து அடித்துவிட்டு மறுபடி செத்துப்போனார். மூன்றாம் ஆண்டு வாயிற்காவலன் வேஷம் கிடைத்தது. “மன்னர் வருகிறார்” என்று சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்த அந்த நேரம் கரண்ட் போனது, மைக் செத்தது. மன்னர் வரும் செய்தி மட்டும் ஏரிக்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மரக்கால் நிரம்பும்வரை ஒரு எண்ணை இழுத்துப் பாடிப் பழகிய தொண்டை அல்லவா!

எங்கள் டைரக்டர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அந்தத் தொண்டையைக் கேட்டதும் விசிலைக் கையில் பிடித்தபடி தீர்ப்புச் சொன்னார்: “அடுத்த நாடகத்துல ராஜா இவன்தான்!”

அடுத்த நாடகத்தை எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவன் என்பதால், மனுவோ தந்தியோ நாடகமோ, எழுத்து என்றால் என் தலையில்தான் விழும். எங்கள் ஊர்க் கல்வெட்டில் இருக்கும் குடவோலைத் தேர்தலையே கதையாக்கினேன். குடத்தில் போட்ட ஓலையைத் திருடி மடியில் ஒளித்துக்கொள்கிறான் ஒரு துரோகி. சோழ மன்னன் வாளை உருவி, “மூன்று எண்ணுவதற்குள் ஓலையை எடு! இல்லையேல் உன் தலை உருளும்!” என்று முழங்கி எண்ணுகிறான். மூன்றில் துரோகி ஓலையைக் கொடுத்துக் காலில் விழுகிறான். இந்தக் காட்சியை எழுதிய அன்று எனக்கே புல்லரித்தது. யார் எண்ணப்போகிறார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஒத்திகையில் மன்னர் முழங்கினார். வாளை ஓங்கினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “இரண்டு!” என்றார்.

“ஒன்று எங்கடா?” என்றார் டிரில் மாஸ்டர்.

“அது மனசுல சொல்லிட்டேன் சார்.”

“ஜனம் உன் மனசுல குந்திக்கினா நாடகம் பாக்குது? வாயால சொல்லு!”

“சார், பங்குனி முடிஞ்சா அறுப்பு. நாலு ஊர் சம்சாரிங்க முன்னாடி நான் அந்தச் சொல்ல சொன்னா, அப்பறம் எவன் என்னைக் களத்துக்குக் கூப்புடுவான்? மூணு பசங்க கீதுங்க.”

“சொல்லலேன்னா ராஜா வேஷம் டீக்கடைக்காரருக்கு. நீ மறுபடியும் யானைக்குள்ள போ.”

லாபம் அண்ணன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம்தான். கைக்குழந்தையைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு வழி சொன்னேன்: “ஒன்றைப் படைவீரன் சொல்லட்டும். இரண்டும் மூன்றும் மன்னர் சொல்லட்டும்.”

படைவீரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஈட்டியைக் கீழே வைத்தார்கள். அத்தனை பேரும் நெல்லை நம்பிப் பிழைப்பவர்கள். டிரில் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “காலேஜ் படிச்சவன் நீ. மூடநம்பிக்கை கெடையாது. மறைவுல நின்னுக்கினு நீ சொல்லு.”

மூடநம்பிக்கை எனக்குச் சத்தியமாகக் கிடையாது. ஆனால் எங்கள் வயலில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. “தொண்டை கட்டிக்கினு கீது சார்” என்றேன்.

கடைசியில், “நானே சொல்லித் தொலைக்கிறேன்!” என்றார் மாஸ்டர்.

திருவிழா அன்று பெருநகர், பழையசீவரம் என்று சுற்றூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். துரோகியாக டீக்கடைக்காரர் நடுங்கினார். மன்னர் வாளை ஓங்கினார். திரைக்குப் பின்னால் மாஸ்டர் மைக்கை வாயருகே வைத்து, அணிவகுப்புக் குரலில் கத்தினார்: “ஒன்று!”

பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கதிர் நின்ற வயல்களின் மேலெல்லாம் கொட்டின.

கூட்டம் எழுந்துவிட்டது.

“எவன்டா அவன், ஒண்ணுன்னவன்?”

“அறுப்பு நேரத்துல வாயப் பாத்தியா அவனுக்கு!”

“இஸ்துக்கினு வாங்கடா வெளிய!”

ஒரு செருப்பு வந்து அரண்மனைத் தூணில் பட்டது. தூண் சாய்ந்தது. மாஸ்டர் யானைத் தோலுக்குள் புகுந்துகொண்டார். நாடகம் அத்தோடு முடிந்தது என்று நான் தாள்களைச் சுருட்டினேன்.

அப்போதுதான் மன்னர் மேடையின் விளிம்புக்கு வந்தார். வாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் மரக்கால் பிடிப்பதுபோல் ஏந்தினார். “லா…ப…ம்!”

செருப்பைக் கழற்றியவர்கள் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தோஷம் கழிந்தது.

“ரெண்டே… ரெண்டு! மூணே… மூணு!”

டீக்கடைக்காரர் ஓலையை நீட்டிக் காலில் விழுந்தார். மன்னர் வாங்கவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. அவர் அரண்மனையில் இல்லை, களத்தில் இருந்தார். லாபம் சொல்லி ஆரம்பித்துவிட்டால் பன்னிரண்டு மரக்கால் சேர்ந்து ஒரு கலம் நிரம்பாமல் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

“நாலே… நாலு!”

“யோவ், மூணுதான்யா!” என்று கீழேயிருந்து கிசுகிசுத்தார் டீக்கடைக்காரர். “ஓலையத்தான் குடுத்துட்டனே!”

“அஞ்சே… அஞ்சு!” கூட்டமும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது.

துரோகி தலைப்பாகையைக் கொடுத்தார். ஆறில் பாசிமணி மாலையைக் கொடுத்தார். ஏழில் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஊரே எண்ணிக்கொண்டு நிற்கிறது, ஏதாவது செய்தாக வேண்டும். பயத்தில் அவர் அலறினார்: “பால்ல தண்ணி கலந்தேன் மன்னா!”

“எட்டே… எட்டு!” என்றது ஊர், பேரானந்தத்துடன்.

“நேத்து போண்டாவ சூடு பண்ணி இன்னிக்கு வித்தேன் மன்னா!”

“ஒம்பதே… ஒம்பது!”

பன்னிரண்டு வருவதற்குள் டீத்தூள் ரகசியம் வரைக்கும் வெளியே வந்துவிட்டது. மன்னர் கண்ணைத் திறந்தார், காலடியில் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தார், “பிழைத்துப் போ!” என்றார். அது நான் எழுதாத வசனம். எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் விளைச்சலும் நன்றாக இருந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எங்கே திருவிழா என்றாலும் அந்த நாடகம்தான் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வரை எண்ணுவதாக ஒப்புக்கொண்டால்தான் வெற்றிலை பாக்கும் முன்பணமும். டீக்கடைக்காரர் ஊருக்கொரு பாவம் புதிதாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. மாஸ்டர், எல்லாமே தான் சொல்லிக்கொடுத்தது என்றார்.

பேர் பரவி, காஞ்சிபுரத்து நாடகக் கம்பெனி முதலாளி ஒருவர் வந்து லாபம் அண்ணனை அழைத்துப்போனார். பெரிய சரித்திர நாடகம், நிஜ வெல்வெட் அங்கி. அண்ணன் பஸ் ஏறிய அன்று ஊரே வழியனுப்பியது. அடுத்த அறுப்புக்குள் ஒரு சேதி வந்து சேர்ந்தது: கம்பெனி மேடையில் அண்ணன் மூன்று வரை மட்டும் எண்ணினாராம். அதுவும் ஒன்றிலிருந்து.

அறுப்புக்கு ஊர் திரும்பியவரை யாரும் எந்தக் களத்துக்கும் கூப்பிடவில்லை. எதிரில் வந்தால் சம்சாரிகள் சைக்கிளைத் திருப்பினார்கள். அவர் மரக்காலைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் களத்துக்கு வந்து தள்ளியே நின்றார். அவசரமாக வந்திருக்க வேண்டும், புருவத்து மை சரியாக அழியவில்லை. எங்கள் நெல் குவிந்து கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் களத்தில் அளக்கிறவர் மரக்காலும் கையுமாக வந்து நின்று, “நான் அளந்துடட்டுமா? மழை வருது” என்றார்.

என் அப்பா லாபம் அண்ணனைப் பார்த்தார். “சொன்னியாமே?”

“சொன்னது ராஜா, மாமா. நான் இல்ல. கிரீடத்தைக் கழட்டினப்பறம் ஒருவாட்டிகூட நான் சொல்லல. நம்ம பிள்ளை மேல சத்தியம்.” என்னைத்தான் காட்டினார்.

அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். நாடகம் என்றால் பாதியில் தூங்கிவிடுபவர். குவியலையும் மேகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ராஜா சொன்னதுக்கு நீ இன்னாடா பண்ணுவ? கால கழுவிக்கினு வந்து அள.”

அண்ணன் கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார். ஓடவில்லை, மன்னர் நடையில் நிதானமாகத்தான் போனார். முதல் தூறல் என் கையில் விழுந்தது. விழட்டும் என்று சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அவருக்காக நின்றேன்.