கலியன் சொன்ன "எஸ் சார்"

"மச்சான், ஒரு பேஜாரு ஆயிப்போச்சு. நான் லண்டனுக்குப் போறேன்" என்றான் கலியன்.

துளசிராமன் வாயிலிருந்த இட்லியை விழுங்க மறந்தான்.

கலியன் அவனுடைய அத்தை மகன். மணவாள நகரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அப்படிப்பட்டவன் திருவள்ளூரில் ஒரு கல்லூரியில், பி.ஏ. சரித்திர வகுப்பில் ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருக்கிறான் என்றால், அது துளசிராமன் செய்த ஏற்பாடு.

துளசிராமனுக்கு முதல் வருஷம் முடிந்ததுமே கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் டைம் கீப்பர் வேலை கிடைத்துவிட்டது. வேலையை விட மனசில்லை; பட்டம் வாங்கினால்தான் சூப்பர்வைசர். ஆகவே வகுப்பில் அவன் பெயரைக் கூப்பிடும்போது "எஸ் சார்" சொல்லக் கலியன் போனான். கூலி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இதே துளசிராமன்தான் போன மாதம், வராத கூட்டாளிக்காக வருகை டோக்கன் போட்ட ஒரு தொழிலாளியை, "மனுஷனுக்கு நாணயம் வேணும்யா" என்று சொல்லி வேலையைவிட்டே அனுப்பினான். அது வேறு விஷயம்.

"எஸ் சார் சொல்லிட்டு ஃபேனுக்கு அடியில தூங்குன்னுதானேடா சொன்னேன்?"

"தூங்கிக்கினுதான் இருந்தேன். புரொபசரு எழுப்பி, பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்திச்சின்னு கேட்டுட்டாரு. வெயில் தாங்காம வந்திச்சு சார்னேன்."

"ஐயையோ!"

"அப்படியே கட்டிப் புடிச்சுக்கினாரு. இதுவரைக்கும் எவனும் சொல்லாத கோணமாம். லண்டன்ல மேல்படிப்புக்கு உதவித்தொகை கீதாம். எம்பேர எழுதிட்டாரு. அதாவது, உம்பேர."

துளசிராமன் யோசித்தான். "நாளையிலேருந்து எது கேட்டாலும் வாய்க்கு வந்ததை உளறு. அவரே பேரை அடிச்சிடுவாரு."

அடுத்த ஞாயிறு கலியன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"அசோகர் இன்னாத்துக்கு மரம் நட்டாருன்னு கேட்டாரு. வெறகுக்குன்னேன். கை தட்டுறாரு மச்சான்!"

"சரி, மஞ்சள் காமாலைன்னு லீவ் லெட்டர் போட்டுட்டுப் படுத்துக்கோ."

லெட்டர் போன மறுநாளே புரொபசர் இராமலிங்கம் அதிலிருந்த விலாசத்தைப் பார்த்து, ஆரஞ்சுப் பழத்தோடு கலியன் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் சும்மா போகவில்லை. படுத்திருந்த கலியனை எழுப்பி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் போட்டோ எடுத்து, அதைப் பாஸ்போர்ட் மனுவில் ஒட்டி, 'இவர்தான் துளசிராமன், எனக்கு நன்றாகத் தெரியும்' என்று கையெழுத்தும் போட்டார். கலியனின் அம்மா லட்சுமியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கருவாடு மூட்டை கட்டினாள். கலியன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டினான்.

"டேய், நீ துளசிராமனா லண்டன் போயிட்டா, நான் யாருடா?"

"கலியன்ற பேரு சும்மாதானே கீது மச்சான், எடுத்துக்கோ."

இனி மறைத்துப் பயனில்லை என்று ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, துளசிராமனே நேரில் கல்லூரிக்குப் போனான். முதல் வருஷத்தில் இராமலிங்கம் அவனுக்குப் பாடம் எடுத்ததில்லை; இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான்.

"சார், நான்தான் துளசிராமன்."

புரொபசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மேஜையில் குத்தினார்.

"என் மாணவன் முகம் எனக்குத் தெரியாதா? அவன் பாவம் காமாலையில் கிடக்கிறான், நீ அவன் இடத்தைத் திருட வந்தாயா? இன்னொருத்தன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறாயே, வெட்கமாக இல்லை? ஆள்மாறாட்டமெல்லாம் இந்தக் கல்லூரியில் நடக்காது! யேசுதாஸ்! இவனை வெளியே உட்கார வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடு!"

பியூன் யேசுதாஸ் அவனை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார். துளசிராமனுக்கு அழுகை வந்துவிட்டது. போச்சு, பட்டம் போச்சு. சூப்பர்வைசர் நாற்காலி போச்சு. இருந்த பெயரும் போச்சு.

"சத்தியமா நான் அசல் ஆளுண்ணே. அவ்வளவு படிச்ச மனுஷருக்கு அதுகூடத் தெரியலையே!"

யேசுதாஸ் அறைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அழுவாத தம்பி, போலீசெல்லாம் வராது. அசல் ராமலிங்கம் சாரு லண்டனுக்குப் படிக்கப் போயி ரெண்டு வருசமாவுது. உள்ள கத்திக்கினு கீறவரு அவரோட மச்சான்."