அவன் ஆமாம் போட ஆரம்பித்துவிட்டான்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சினன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். விரிவாக விசாரிக்க எனக்கு இப்போது மனம் சரியில்லை. விஷயம் இதுதான்: தையல்கடைக் கூட்டாளி என்னை விட்டுப் போகப் பார்க்கிறான். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, மெஷின், வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றையும் பெரிய மனிதராக நின்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடியை மட்டும் எப்படியாவது என் பக்கம் தள்ளிவிடுங்கள்.

பாபினை உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் வந்தபோது கடை வாசலில் நாற்காலி போட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்களே, அவன்தான். குள்ளம், மெஷினுக்கு அடியில் சுற்றும் நூல்கண்டைப் போல ஓயாமல் சுழல்வான், அதனால் அந்தப் பெயர். நான் வெட்டுகிறவன், அவன் தைக்கிறவன். நான் ஒரு கட்சி, அவன் அதற்கு நேர் விரோதம். ஒரு தேர்தல் சமயத்தில் பேச்சு சூடாகி, பேசிக்கொண்டே நான் கத்தரி போட்டதில் வங்கி மேலாளரின் முழுக்கால்சட்டை அரைக்கால்சட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து கடையில் ஒரே சட்டம்: கத்தரி கையில் இருந்தால் அரசியல் கிடையாது. அதனால் நான் அடிக்கடி கத்தரியைக் கீழே வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் மெஷின் நின்றுவிடும். தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்துவோம். தொண்டை வறண்டதும் ஒரு டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இத்தனை வருஷம் இப்படித்தான் சந்தோஷமாக ஓடியது.

இப்போது எங்கேயோ இடிக்கிறது, அத்தான். போன மாதம் நான் கத்தரியை வைத்துவிட்டு, "உங்க தலைவருக்குக் கணக்கே தெரியாதுய்யா" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவன் ஊசியில் நூல் கோத்தபடி, "நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்றான். என் கையிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்துவிட்டது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மறுநாள் அவன் தலைவரின் மூக்கைப் பற்றியே பேசினேன். "மனுஷன்தானே, மூக்கு எப்படி இருந்தா என்ன" என்று சிரிக்கிறான்! சண்டைக்கு இழுக்க வேறு வழி தெரியாமல் நானே அவன் கட்சியைப் புகழ்ந்து, என் கட்சியைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவன் பதறிப்போய், "அப்படியெல்லாம் சொல்லாதே, உங்க ஆளுங்களும் நல்லவங்கதான்" என்று என் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறான். நான் விடவில்லை, அவனும் விடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் கட்சியின் வட்டச் செயலாளர் சட்டைக்குப் பித்தான் தைக்க உள்ளே வரவேண்டும்? முழுவதையும் கேட்டுவிட்டு, பித்தான் இல்லாத சட்டையோடே திரும்பிப் போய்விட்டார். இப்போது தெருமுனையில் என்னைக் கண்டால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வெட்டியதில், தலைமையாசிரியர் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். பழைய பாபினாக இருந்தால் துணியை என் முகத்தில் எறிந்து, "உங்க கட்சிக்காரனுக்கு வலதும் தெரியாது இடதும் தெரியாது" என்று கடையை இரண்டாக்கியிருப்பான். இவன் அப்படியே தைத்துவைத்துவிட்டான். பாவம் தலைமையாசிரியர், கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். தூக்கிய வலது கை இறங்கவே இல்லை. கோபத்தில் எங்களைத் திட்டினார், ஆனால் பார்ப்பதற்கு ஆசீர்வாதம் செய்வதுபோல இருந்தது. அப்போதும் பாபின், "தப்பு என்மேலதான் சார்" என்றான். என் தப்பை இவன் ஏன் ஏற்றுக்கொள்கிறான்? போகப் போகிறவன்தானே இப்படிப் பெருந்தன்மையாக நடப்பான்!

இதைவிடப் பெரிய கொடுமை கேளுங்கள். தினமும் மத்தியானம், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று நழுவுகிறான். பின்னாலேயே போனேன். இஸ்திரிக்காரர் கடைக்குப் பின்பக்கம் நின்று கைகளை ஆட்டி ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருக்கிறான். என்ன பேசினான் என்று காதில் விழவில்லை. என்னிடம் ஆமாம் ஆமாம் என்கிற வாய்க்கு அங்கே என்ன அவ்வளவு வேலை? இருவரும் சேர்ந்து புதுக்கடை போடப் போகிறார்கள், வேறென்ன! உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அத்தான், வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. அவன் போய்விட்டால் நான் யாரிடம் கத்துவேன்? என் வீட்டுக்காரி, அதான் உங்கள் தங்கச்சி முறை, "என்கிட்ட கத்துங்களேன்" என்கிறாள். அவளுக்கு அரசியல் தெரியாது, தெரிந்தால் ஜெயித்துவிடுவாள்.

ஆகவே தாமதிக்காமல் வரவும். நியாயம் பேச உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. யாரிடமும் ஆமாம் போட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
கலங்கிப்போன உங்கள் மச்சினன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உறை ஒட்டக் கடையில் பசை தேடினேன். பாபின், "யாருக்குக் கடுதாசி?" என்றான். உங்களுக்கு என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அவருக்கா? எழுது, நல்லா எழுது! அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு என் வயிறே வெடிச்சிடும் போலிருக்கு!"

"அவர் என்ன சொன்னார்?"

"அரசியல் பேசியே சிநேகிதத்தைக் கெடுத்துக்காதே, இந்த வயசுல இன்னொருத்தன் கிடைக்கமாட்டான், அவன் எது சொன்னாலும் ஆமாம்னு சொல்லிடுன்னார். எனக்கு பயம் வந்துடுச்சுய்யா. உன்கிட்ட சொல்ல முடியாததை எல்லாம் தினம் அந்த இஸ்திரிக்காரர்கிட்ட போய்க் கொட்டினேன். அவர் பாவம், நான் கத்தின கத்துல ரெண்டு காலரைக் கருக்கிட்டார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று, "உங்க தலைவருக்குக் கணக்கு தெரியாது" என்றேன். "உங்க ஆளுக்கு எழுத்தே தெரியாது!" என்று மேசையில் ஓங்கி அடித்தான். பசை டப்பா கவிழ்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தின் கடைசித் தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் காரணம்.

கண்ணாடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்று. இரண்டு கட்சிக்காரர்களை ஒரே சமயத்தில் வாயடைக்கப் பார்த்த உங்களுக்கு இதில் என்ன லாபம் என்று நானும் பாபினும் சேர்ந்து யோசித்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம்: நீங்கள் மூன்றாவது கட்சி.

வாருங்கள், வந்து பதில் சொல்லுங்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.