குளியலறை காத்த காசிமிர்

வாழ்க காசிமிர்! அமெரிக்காவின் ஈரி ஏரியின் அலையெறி கரையில், நகரப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில், முப்பதாண்டு எண்ணெய்க் கறை ஏறிய கையன். ஸ்டர்ஜன்ஸ் பேஸ்பால் அணியின் நீலத் தொப்பியைத் திருமணப் புகைப்படத்திலும் கழற்ற மறுத்த கொள்கைக் குன்று. ஆண்டுக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் கண்டு, மருத்துவர் தந்த எச்சரிக்கையை இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கிய தீரன், வாழ்க! அவனுக்கு அடுத்த வீட்டுக்காரனும், அவன் வீட்டுச் சோபாவில் பாதிக்கு உரிமை கொண்டவனுமாகிய நான், அவன் பட்ட பாட்டைச் சொல்லப் புகுகிறேன்.

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். அன்று வென்றால் இறுதிச் சுற்று. தோற்றால் வழக்கம்போல அடுத்த ஏப்ரல். தோன்றிய நாள்முதல் நாற்பத்தோரு ஆண்டுகளாக அந்த வாசலை மிதிக்காத அணி அது. காசிமிருக்கு இவ்வுலகில் வேண்டியது ஒன்றே ஒன்று: தன் அணி அந்த வாசலைக் கடக்கும் கணத்தைத் தன் இரு கண்ணால் காண வேண்டும். அவன் தந்தை அதற்காகவே காத்திருந்து, காணாமலே போய்ச் சேர்ந்தவர்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், நம்மவர்க்குக் கடைசி வாய்ப்பு. எதிரி நான்கு ஓட்டம், நாம் மூன்று. நமக்குரிய மூன்று அவுட்டில் ஒன்று அதற்குள் போயிற்று. நெஞ்சில் துயரமும் அடிவயிற்றில் நான்கு பீரும் ஒருசேரப் பொங்கியெழ, 'இனி என்ன இருக்கிறது' என்று பெருமூச்செறிந்து, தோற்ற மன்னன் கானகம் புகுவதுபோல் குளியலறை புகுந்தான் காசிமிர். கதவு சாத்திய மறுகணம், டப்பென்று மட்டையில் பந்து பட்டது! நம்மவன் ஒருவன் ஓடி முதல் பேஸில் நின்றான்; நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம்.

இங்கே அவ்வீட்டுச் சட்டம் ஒன்றைக் கூறியாக வேண்டும். அணி எழுச்சி பெறும் நொடியில் யார் எங்கே எப்படி இருந்தாரோ, அவர் அங்கே அப்படியே இருக்கக் கடவர். ஆகவே காசிமிரின் மைத்துனன் ஜெரோம், வாய்க்குக் கொண்டுபோன சாசேஜை அந்தரத்தில் ஏந்தியபடி சிலையானான். சிந்திய சிப்ஸைப் பொறுக்கக் குனிந்த நான், குனிந்தே கிடந்தேன். இல்லத்தரசி லோரெய்னோ, திரும்பாமலே அந்த ஆணையை முழங்கினாள்:

"காஸ்! உள்ளேயே இரு! வெளிய கால வச்சே, கொன்னுடுவேன்!"

"யாரு அடிச்சா? அதையாவது சொல்லித் தொலைங்களேன்!"

"பேசாத மச்சான்! நீ வாயத் திறந்தாலே வெளங்காது!" என்றான் ஜெரோம்.

ஆ, அவனே பின்னர் சொல்லக் கேட்ட அந்தச் சிறையின் கொடுமையை என்னென்பேன்! அவ்வறையில் விளக்குக்கும் காற்றை வெளியேற்றும் விசிறிக்கும் ஒரே சுவிட்ச். விசிறியோ, பழைய லாரி மேடேறுவதுபோல் உறுமி, தொலைக்காட்சியின் குரலை முழுவதும் விழுங்கியது. அதை அணைத்தால் கேட்கும். ஆனால் எழுச்சி தொடங்குகையில் அது ஓடிக்கொண்டிருந்ததே, அணைக்கலாமா? சுவிட்ச்வரை சென்ற விரல் திரும்பியது. முப்பதாண்டுகளாக எஞ்சினின் இருமலைக் கேட்டே நோயறிந்த அச்செவி, இப்போது கூடத்து முனகலையும் சோபாவின் கிறீச்சையும் வைத்து ஆட்டத்தை அறிய முயன்று தோற்றது.

மீண்டும் பேரொலி. நம்மவர் இருவர் இப்போது இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும்! வீட்டுக்கூரை அதிர்ந்தது. மலைபோல் நின்ற மனவுறுதி அங்கேதான் சரிந்தது. கொள்கைக் குன்று கைப்பிடியைத் திருகிற்று. கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒற்றைக் கண் வெளியே எட்டியது. அக்கணமே நம்மவன் பந்தைத் தவறவிட்டு மட்டையைக் காற்றில் வீசினான். இரண்டாவது அவுட்.

"எவன்யா கதவத் தொறந்தது?" என்று அலறினான் ஜெரோம்.

லோரெய்ன் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். "முப்பத்திநாலு வருஷத்துல, காஸ், உன்ன நான் இவ்ளோ வெறுத்ததே இல்ல" என்றாள் மெதுவாக.

கதவு மூடியது. குளியல் தொட்டியின் விளிம்பில் அமர்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அவன் அழுதான். ஐம்பத்தெட்டு வயது ஆண்மகன், தன் ஒற்றைக் கண் ஓர் ஊரையே கெடுத்துவிட்டது என்று உண்மையாகவே நம்பி அழுதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், குனிந்துகிடந்த நானும் அதையே நம்பினேன்.

கடைசி நம்பிக்கையாக மட்டையேந்தி வந்தவன் பெனவிடஸ், ஒரு மாதமாகப் பந்தோடு உறவே இல்லாதவன். அடித்தான். அடி என்று அதைச் சொல்வது அவன்மீதுள்ள அன்பினால். உருண்டு உருண்டு, கடைக்குப் போகச் சோம்பும் பிள்ளைபோல் நகர்ந்தது பந்து. எதிரி வீரன் குனிந்தான், கைகளை விரித்தான், அவன் இரு கால்களுக்கும் நடுவே, எவரையும் தொந்தரவு செய்யாமல், அது புகுந்து போயிற்று! ஓடினார் நம்மவர் இருவர்! ஐந்துக்கு நான்கு!

சாசேஜ் பறந்தது. நான் நிமிர்ந்தேன், இடுப்பு நிமிரவில்லை. தெருவெங்கும் கார்கள் ஹாரன் ஊதின. அந்த ஆரவாரத்தினூடே, "நான் வரலாமா? யாராவது சொல்லுங்கப்பா, வரலாமா?" என்று கேட்ட குரலை வெகுநேரம் எவரும் கேட்கவில்லை. இறுதியில் லோரெய்ன் ஓடிக் கதவைத் திறந்து, அவனை இறுக அணைத்து, தொப்பியோடு சேர்த்து முத்தமிட்டாள். பந்து காலிடுக்கில் போனதை ஜெரோம் நான்குமுறை நடித்துக் காட்டினான். தொலைக்காட்சி நாற்பதுமுறை காட்டியது. காசிமிர் அத்தனையையும் பார்த்தான். ஆனால் முடிவு தெரிந்தபின் பார்ப்பது பார்ப்பதாகுமா? அவன் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை.

ஆரவாரம் ஓய்ந்தது. ஜெரோம் குளியலறைக் கதவைப் பார்த்தான். பிறகு காசிமிரைப் பார்த்தான்.

"செவ்வாக்கிழமை இறுதிச் சுத்து ஆரம்பம்…" என்று இழுத்தான்.

"நான் எதுவும் சொல்லல. அவரே முடிவு பண்ணட்டும்" என்றாள் லோரெய்ன், தரையைப் பார்த்தபடி.

அப்போது, நாற்பத்தோரு ஆண்டுத் தாகமும், தந்தையின் காணாக் கனவும், இரு கண்ணின் தீரா ஏக்கமும் ஒருபுறம் இழுக்க, ஸ்டர்ஜன்ஸ் என்னும் ஒற்றைச் சொல் மறுபுறம் இழுக்க, நடுவே நின்ற அப்பெருமகன், தொப்பியைச் சரிசெய்து, நெஞ்சு நிமிர்த்தி, "ஆகட்டும்!" என்று எண்திசையும் கேட்க முழங்கினான்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, காசிமிர் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.